பிள்ளை இல்லாதவளின் பணம்

கங்கம்மாளுக்கு ஒரே பிள்ளை. பெயர் அன்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சர்க்காரைக் கேட்டால் அவளுக்குப் பிள்ளையே கிடையாது என்று சொல்லும். ஊரைக் கேட்டால் அன்பு ஏரியில் குதித்து நீச்சல் பழகியதிலிருந்து அம்பத்தூர் லேத் பட்டறைக்கு வேலைக்குப் போனதுவரை மூச்சு விடாமல் சொல்லும். ஆனால் ஊர் சொல்வதை யார் கேட்கிறார்கள்?

மண்ணூரைத் தாண்டி ஏரிக்கரையோடு போனால் எங்கள் ஊர். 1991-ல் இங்கே இப்போதிருக்கிற கம்பெனிகள் கிடையாது. ஒரகடம் என்றால் ஒரு கிராமம், அவ்வளவுதான். ஆனால் நிலம் பார்க்கிறவர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். மெட்ராஸிலிருந்து காரில் வருவார்கள், செருப்புக்காலோடு வரப்பில் நின்று நாலு பக்கமும் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். கொஞ்ச நாளில் அந்த நிலத்தில் கல் நட்டிருக்கும். கல் நட்ட நிலத்தில் நாற்று நட ஆள் எதற்கு? விற்றவன் கையில் பணமாவது வந்தது. அந்த நிலத்தில் காலமெல்லாம் குனிந்து கிடந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கங்கம்மாள் அப்படிக் குனிந்து கிடந்தவள். அவள் வீட்டுக்காரர் சுப்பராயன் நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தபோது அன்பு ஐந்தாம் வகுப்பு. அதன் பிறகு நடவு, களையெடுப்பு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குவது என்று எது கிடைத்தாலும் போனாள். பிள்ளையைப் பத்தாவதுவரை படிக்க வைத்தாள். வாய் பெரிய வாய். கூலியில் குறைத்தால் பண்ணைக்காரர் வீட்டு வாசலிலேயே நின்று கேட்பாள். பாம்பைக் கண்டால் துரத்திக்கொண்டு ஓடுவாள். ஆனால் காகிதத்தைக் கண்டால் மட்டும் நடுங்குவாள். ரேஷன் கார்டைக்கூட ஈரக்கையால் தொடமாட்டாள், துடைத்துவிட்டுத்தான் எடுப்பாள். எழுதப்பட்ட எதுவும் ஒருநாள் தன்னைப் பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்கு எப்படியோ தோன்றியிருந்தது. பாவி, அது சரியாகத்தான் போயிற்று.

முட்டி இரண்டும் வீங்கிக்கொண்ட பிறகு அவளால் சேற்றில் இறங்க முடியவில்லை. அன்புக்கு அப்போது பட்டறையில் கற்றுக்கொள்கிற சம்பளம். அறை வாடகையும் சாப்பாடும் போக ஊருக்குக் கொண்டுவர ஒன்றும் மிஞ்சாது. அந்தச் சமயத்தில்தான் தலையாரி அப்பாவு வந்து விதவைப் பணத்தைப் பற்றிச் சொன்னார். ஆதரவில்லாத விதவைகளுக்கு சர்க்கார் மாதாமாதம் மணியார்டர் அனுப்புகிறது, எழுதிப் போட்டால் உனக்கும் வரும் என்றார். ஒரே ஒரு சிக்கல். வயது வந்த மகன் இருந்தால் கிடையாது.

சம்பாதிக்காத மகன் சோறு போடமாட்டான் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாது. தலையாரிக்குத் தெரியும். அதனால் அவர் வழி சொன்னார். பிள்ளை இல்லை என்று எழுதிவிடலாம், ரேஷன் கார்டில் அன்பு பெயரை அடித்துவிடலாம், மேலே கையெழுத்து வாங்குவதை அவர் பார்த்துக்கொள்வார். அதற்கு அவருக்கும், அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். கங்கம்மாள் காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். உண்மையாகவே தகுதி உள்ளவர்களும் அதே அளவு கொடுத்துத்தான் வாங்கினார்கள். அந்த விஷயத்தில் அப்பாவு யாரிடமும் வித்தியாசம் பார்க்காதவர்.

ஒன்று மட்டும் அவர் அழுத்திச் சொல்லியிருந்தார். யார் கேட்டாலும் பிள்ளை இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் பொய் சொல்லிச் சர்க்கார் பணத்தைத் தின்றதற்கு ஜெயில். சொல்லித் தந்த அவர் ஜெயிலுக்குப் போவாரா என்று கங்கம்மாள் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய வாய் அந்த இடத்தில் மூடிக்கொண்டது.

நான் இந்தக் கதைக்குள் வருவது அந்த வருஷத் தை மாதத்தில். காஞ்சிபுரத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த பெண் நான், மெட்ராஸில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் என்னைக் கணக்கெடுப்பு வேலைக்கு எடுத்தது. ஏழைகளுக்குப் பணமாகவே கையில் கொடுத்தால் வறுமை குறையுமா, கொடுக்கிற பணம் போய்ச் சேருகிறதா, நடுவில் எங்கே ஒழுகுகிறது என்பது அவர்கள் ஆராய்ச்சி. நல்ல ஆராய்ச்சிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் அந்தக் கேள்விகளை நான் கேட்டபோது தபால்காரர் பாண்டுரங்கன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மணியார்டரிலும் டீச் செலவு என்று அவர் எடுப்பது ஊருக்கே தெரியும். அவர் முன்னால் யார் வாயைத் திறப்பார்கள்? எல்லோரும் பணம் முழுசாக வருகிறது என்றார்கள்.

கங்கம்மாளிடம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். இல்லை என்றாள். பொங்கலுக்கு வந்திருந்த அன்பு உள்ளே உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் குனிந்தபடியே சிரித்தான். அன்றைக்கு அது எல்லோருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. சாயங்காலம் தெருக்குழாயில் என்னைப் பார்த்தபோது கங்கம்மாள், "பொய்தான் சொன்னேன், இன்னா இப்போ? அவனுக்கு ஒரு கல்யாணம் ஆவற வரைக்கும் ஓடட்டும்," என்றாள்.

மே மாதம் அன்புக்கு மஞ்சள் காமாலை வந்தது. பட்டறை முதலாளி பலராமன் நல்ல மனுஷர், குணமானதும் வா என்று அனுப்பிவைத்தார். கங்கம்மாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லாக் கஞ்சி காய்ச்சி ஊற்றி, குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள். அவன் ஆள் பாதியாக இளைத்து, முகம் மழிக்காமல் தாடியோடு படுத்துக் கிடந்தான். அந்த மாதம்தான் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்துத் தலைவரும் கூட இருந்தவர்களும் செத்துப்போனது. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் நடந்ததை மட்டும் நான் சொல்கிறேன்.

போலீஸ்காரர்கள் வீடு வீடாக வந்தார்கள். யார் யார் இருக்கிறார்கள், புதிதாக யார் வந்து தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஊர்க்காரர்களை அடையாளம் காட்ட அப்பாவு கூடவே வந்தார். காலை வேளை. கங்கம்மாள் வீட்டுக்குள் தாடியோடு ஒரு இளைஞன் படுத்திருப்பதைப் பார்த்ததும் அதிகாரி நின்றுவிட்டார். ரேஷன் கார்டைக் கேட்டார். கங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். அதில் அவள் பெயர் மட்டும் இருந்தது.

"இது யாரும்மா? உன் பிள்ளையா?" என்று அதிகாரி கேட்டார்.

தெருவே வாசலில் நின்றிருந்தது. நானும் என் அப்பா புருஷோத்தமனும் எங்கள் வீட்டு வாசலில் இருந்தோம். கங்கம்மாள் அப்பாவுவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். ஆமாம் இவள் பிள்ளைதான், எனக்குத் தெரியும் என்று அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சொன்னால் அவர் வாங்கிக் கொடுத்த கையெழுத்துகள் எல்லாம் வெளியே வரும். அதனால் அவர் தரையைப் பார்த்தார். இன்றைக்கும் அவர் மகன் எனக்கு வணக்கம் வைத்தால் எனக்கு அந்தத் தலை குனிந்து நின்றதுதான் ஞாபகம் வருகிறது.

"என் புள்ள இல்லீங்க," என்றாள் கங்கம்மாள். "எனக்குப் புள்ள கெடையாது."

அன்பு எழுந்து உட்கார்ந்திருந்தான். அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால்கூட அதிகாரிக்கு விளங்கியிருக்கும். அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவள் சொன்னது பொய்யாகிவிடும், ஜெயில் என்று அப்பாவு சொல்லியிருந்தது அவனுக்கும் தெரியும். பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்டதற்கு அன்பு என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். என் அப்பா முன்னால் போய், சார், அது இந்தம்மா பிள்ளைதான் என்றார். பெற்றவளே இல்லை என்கிறாள், உனக்கு எப்படித் தெரியும் என்று அவரையும் நாலு கேள்வி கேட்டார்கள். அன்பை ஏற்றிக்கொண்டு போன வண்டி ஏரிக்கரை திரும்புகிறவரை கங்கம்மாள் அசையவில்லை. திரும்பிய பிறகுதான் விழுந்து அழுதாள்.

அவள் எதை நினைத்து அப்படிச் சொன்னாள்? கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாளாம். பிள்ளை இல்லை என்றால் அதோடு கேள்வி முடிந்துவிடும் என்றுதான் அவளுக்குப் பழகியிருந்தது. பணத்துக்காகக் கணக்குக் கேட்கிறவர்களுக்கும் போலீசுக்கும் வேறு வேறு பதில் வேண்டும் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அன்றே என் அப்பாவோடு கிளம்பிப் போய், அவன் என் பிள்ளைதான் சாமி என்று கும்பிட்டாள். காலையில் இல்லை என்றாய், இப்போது இருக்கிறான் என்கிறாய், எதை நம்புவது, ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்? இருந்த காகிதமெல்லாம் அவளுக்குப் பிள்ளை இல்லை என்று சொல்வதற்காகவே வாங்கியவை. கடைசியில் அம்பத்தூரிலிருந்து பலராமன் வந்து, இவன் என்னிடம் வேலை செய்கிற பையன் என்று சொல்லி மீட்டுக்கொண்டு வந்தார். அம்மா சொல்லி விடாதவர்கள் முதலாளி சொல்லி விட்டார்கள்.

அங்கே என்ன நடந்தது என்று அன்பு யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தான், குளித்தான், அவள் போட்டதைச் சாப்பிட்டான். கோபமாக ஒரு சொல் இல்லை. திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்று கங்கம்மாள் காத்திருந்தாள். அவன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு நின்றான்.

"நான் வந்து போயினு இருந்தா எவனானா மொட்டக் கடுதாசி எழுதிப் போடுவாம்மா," என்றான். "உன் துட்டு நின்னுடும். நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் கங்கம்மாள் அந்த இடத்தில் நிறுத்திவிடுவாள். அம்மா என்றுதான் கூப்பிட்டான், அப்புறம் ஏன் போனான் என்று என்னைக் கேட்பாள்.

அவள் செய்தது இது. அப்பாவு வீட்டுக்குப் போய், எனக்குப் பணம் வேண்டாம், நிறுத்திவிடு, என் பிள்ளை பெயரைக் கார்டில் திரும்ப எழுதிக் கொடு என்றாள். வருகிற பணத்தை வேண்டாம் என்கிற பைத்தியத்தை அப்பாவு அதுவரை பார்த்ததில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள், எல்லோரும் மாட்டுவோம், பேசாமல் இரு என்றார். அவள் பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்கே போனாள். பணம் கேட்டு வருகிறவர்களை விரட்டத் தெரிந்த அந்தக் குமாஸ்தாவுக்கு, வேண்டாம் என்று வருகிறவளை என்ன செய்வதென்று தெரியவில்லை. மனு எழுதிக்கொண்டு வா, ஃபைல் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் வா என்றார். அடுத்த வாரமும் அதே பதில். பணம் வாங்க ஒரு கம்மல் கொடுத்தவளுக்கு, அதை நிறுத்தக் கொடுக்க இன்னொரு கம்மல் இல்லை.

பணம் வந்துகொண்டே இருந்தது. அவள் கைநாட்டு வைக்க மறுத்தாள். அதனால் அது நின்றுவிடவில்லை. யாரோ ஒருவருடைய கட்டைவிரல் பதிந்து, பாண்டுரங்கனும் அப்பாவுவும் பங்கு போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஆராய்ச்சியில் இதற்கு ஒழுகல் என்று ஒரு பெயர் உண்டு. அதைக் கங்கம்மாளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆடி மாதம் வேறொரு மணியார்டர் வந்தது. சர்க்கார் பணம் என்று நினைத்து அவள் கையை உதறினாள். பாண்டுரங்கன், இது உன் பிள்ளை அனுப்பியது என்றார். மணியார்டர் தாளின் அடியில் நாலு வரி எழுத இடம் விடுவார்கள், அந்தத் துண்டைக் கிழித்துக் கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள், என்ன எழுதியிருக்கிறான் படி என்று. ஒன்றும் எழுதவில்லை. அனுப்புகிறவர் பெயர் இருந்தது, அவ்வளவுதான். திருப்பிப் பார்க்கச் சொன்னாள். திருப்பியும் பார்த்தேன்.

ஆவணியிலும் வந்தது, புரட்டாசியிலும் வந்தது. தீபாவளிக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அன்பு வரவில்லை. தீபாவளி அன்று கங்கம்மாள் அவனுக்காக வடை சுட்டுவிட்டு, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போய் நின்றாள். முட்டிவலியோடு அந்தத் தூரம் போய்ப் போய் வந்தாள். சாயங்காலம் வடையைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

கடுதாசி எழுதலாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். காகிதத்தில் சொன்னால் நிலைத்துவிடும் என்ற அதே பயம். அம்பத்தூருக்கே அழைத்துப் போகிறேன் என்றேன். பட்டறையில் நாலு பேர் முன்னால் போய் நின்றால், இதுதானா பிள்ளை இல்லை என்று சொன்ன பொம்பளை என்று பார்ப்பார்கள், அவனுக்கு அவமானம் என்றாள். அவனாக வர வேண்டும், வந்தால் வாசலிலேயே காலில் விழுந்துவிடுவேன் என்றாள். பிள்ளை காலில் தாய் விழுவதாவது என்று அதட்டினேன்.

கார்த்திகையில் நான் நிறுவன வேலையாக மெட்ராஸில் தங்கியிருந்தேன். ஊர் திரும்பியதும் கங்கம்மாள் தானாகவே வந்தாள். முகம் ரொம்ப நாளைக்குப் பிறகு தெளிவாக இருந்தது. அந்த மாதம் வந்த பணத்தை வாங்கவில்லையாம். கைநாட்டு வைக்கமாட்டேன், அனுப்பினவனுக்கே திருப்பி அனுப்பு என்று பாண்டுரங்கனிடம் கறாராகச் சொல்லிவிட்டாளாம். இதில் அவர் விளையாட முடியாது, அனுப்பினவன் கேட்பான் அல்லவா, அதனால் ஒழுங்காகத் திருப்பிவிட்டார்.

"துட்டு வந்துகினு இருக்கிற வரைக்கும் ஆளு வரமாட்டாம்மா," என்று எனக்கு விளக்கினாள். "திரும்பிப் போச்சின்னா, அம்மாவுக்கு இன்னா ஆச்சோன்னு ஓடியாருவான் பாரு."

வேண்டாம் என்று மறுத்த மணியார்டர் எப்படித் திரும்பிப் போகும் என்று எனக்குத் தெரியும். வாங்க மறுத்தார் என்று எழுதி, போட்டவன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஓடி வா என்று அதில் எழுதியிருக்காது. மறுநாளே அம்பத்தூருக்குப் போனேன்.

பலராமன் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பணம் திரும்பி வந்த அன்று அன்பு லேத்தில் நின்றிருந்தானாம். தபால்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு, எண்ணெய்க் கையைக்கூடத் துடைக்காமல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டானாம். ஷிப்ட் முடிகிறவரை வேலை செய்தானாம். பிறகு வந்து கணக்கு முடிக்கச் சொல்லியிருக்கிறான். குஜராத் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள், கூடப் போகிறேன் என்றானாம். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று பலராமனுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவர் கேட்டிருக்கிறார்.

"இன்னா சொன்னான்?" என்று கேட்டேன்.

"'போலீஸ்காரன் கேட்டப்போ அம்மா பயத்துல சொல்லிட்டாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன் சார், இப்போ யாரும் கேக்கவே இல்லியே' அப்படின்னான்மா. வேற ஒண்ணும் சொல்லல," என்றார் பலராமன்.

பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தையை எங்கே போட்டுவிட்டு வருவது என்று தெரியாமல் அழுதுகொண்டே வந்தேன். அதைக் கங்கம்மாளிடம் சொல்வதில்லை என்று பூந்தமல்லி தாண்டும்போது முடிவு செய்தேன். கடைசிவரை சொல்லவில்லை. அவள் இப்போது இல்லை.

அவள் ஏரிக்கரை முனையிலேயே எனக்காக நின்றுகொண்டிருந்தாள். அன்பு வடக்கே வேலைக்குப் போயிருக்கிறான், சம்பளம் அதிகமாம், விலாசம் இன்னும் தெரியவில்லை என்றேன். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"போறதுக்கு முன்னாடி அந்தத் துட்டு அவன் கைக்குத் திரும்பிப் போச்சா?"

"போச்சு," என்றேன்.

"அப்போ வந்துடுவான்," என்றாள் கங்கம்மாள், நிம்மதியாக.